அவ்ளோ பெரிய யானை டிரைவர் கண்ணுக்குத் தெரியாதா? வாளையார் லைன்ல வண்டி ஓட்டினவனோட பதில்

நீங்க கேட்டிருக்கிறது இதுதான். கோயம்புத்தூர்ல இருந்து பாலக்காடு போறப்ப ராத்திரி ரயில் ரொம்ப நேரம் ஊர்ந்து போச்சு, பக்கத்து சீட்டுக்காரர் யானைக்காக ஸ்லோ பண்றாங்கன்னு சொன்னார். அவ்ளோ பெரிய மிருகம் ஹெட்லைட்ல தெரியாதா, தெரிஞ்சா ஹார்ன் அடிச்சு பிரேக் போட வேண்டியதுதானே, அதுவும் இல்லைன்னா ரெண்டு பக்கமும் வேலி போட்டுட்டா முடிஞ்சுது, எதுக்கு கோடிக்கணக்குல கேமரான்னு கேட்டிருக்கீங்க. கேள்வி நாலஞ்சு மாதிரி இருந்தாலும் அடில இருக்கிறது ஒண்ணுதான்: டிரைவர் நினைச்சா யானையைக் காப்பாத்த முடியுமா முடியாதா. நான் ரிட்டையர்ட் லோகோ பைலட், அதாவது ரயில் டிரைவர், கூட்ஸ்ல ஆரம்பிச்சு கடைசில மெயில் எக்ஸ்பிரஸ் வரைக்கும் இந்த போத்தனூர் பாலக்காடு செக்ஷன்ல வருஷக்கணக்கா ஓட்டினவன். அதனால வண்டியைப் பத்தி சொல்றதை தைரியமா சொல்லுவேன். யானையைப் பத்தி சொல்றது கேபின்ல உக்காந்து பார்த்ததும் வனத்துறை ஆளுங்க கூட பேசித் தெரிஞ்சுக்கிட்டதும்தான், அதுக்கு அவ்ளோதான் மதிப்பு குடுங்க.

முதல்ல பிரேக். ஒரு எக்ஸ்பிரஸ் வண்டின்னா இருபத்திரண்டு இருபத்துநாலு பெட்டி, இன்ஜின் மட்டுமே 123 டன், மொத்தமா ஆயிரம் டன்னைத் தாண்டும். ஓடுறது இரும்பு மேல இரும்பு, ரோட்டுல டயர் பிடிக்கிற பிடி இங்க கிடையாது. எமர்ஜென்சி போட்டா பிரேக் பைப்புல இருக்கிற காத்து மொத்தமும் இறங்கணும், முன்னாடி பெட்டில பிடிச்சு கடைசி பெட்டி வரைக்கும் பிடிக்க சில செகண்ட் ஆகும், அதுக்கப்புறம்தான் வண்டி வேகம் நிஜமாவே குறைய ஆரம்பிக்கும். நூறு கிலோமீட்டர் வேகத்துல வர்ற வண்டி முழுசா நிக்க முக்கால் கிலோமீட்டர்ல இருந்து ஒரு கிலோமீட்டர் வரைக்கும் எடுத்துக்கும், லோடு ஏத்தின கூட்ஸ்னா வேகம் கம்மியா இருந்தாலும் நிறுத்துறது இன்னும் கஷ்டம். இது நான் கேபின்ல கண்டது மட்டும் இல்ல, ரயில்வே ரூலே அப்படித்தான் போட்டிருக்கு. லைன்ல ஏதாவது தடங்கல்னா லைன் வேலை பார்க்கிற கேங்க்மேன் அறுநூறு மீட்டர்ல சக்கரம் ஏறினா வெடிக்கிற பட்டாசு ஒண்ணு, ஆயிரத்து இருநூறு மீட்டர்ல மூணு பட்டாசு தண்டவாளத்து மேல வெச்சு வண்டியை எச்சரிக்கணும். ஆயிரத்து இருநூறு மீட்டர் எதுக்குன்னா அவ்ளோ தூரத்துலயே டிரைவருக்குத் தெரிஞ்சாதான் வண்டி தடங்கலுக்கு முன்னாடி நிக்கும்.

இப்ப ஹெட்லைட். நேர் பாதை, மழை இல்ல, மூடுபனி இல்ல, கண்ணாடி சுத்தமா இருக்குன்னு வெச்சுக்குங்க, இருநூத்தம்பது முந்நூறு மீட்டர்ல ஏதோ நிக்குதுன்னு தெரியும். யானைன்னு அப்பவே தெரியாது, யானை தோல் வெளிச்சத்தைத் திருப்பிக் குடுக்காது, சேறு பூசின உடம்பு பின்னாடி இருக்கிற இருட்டோட இருட்டா ஒட்டிக்கும். வளைவுன்னா இன்னும் மோசம், வண்டி திரும்பி முடிக்கிற வரைக்கும் லைட் வெளிப்பக்கம் காட்டைத்தான் காட்டும், பாதையைக் காட்டாது. நூறு கிலோமீட்டர் வேகம்னா செகண்டுக்கு இருபத்தெட்டு மீட்டர். முந்நூறு மீட்டர்னா பதினோரு செகண்ட். அதுல பார்த்து, புரிஞ்சு, ஹேண்டிலை இழுத்து, காத்து இறங்கி பிரேக் பிடிக்கவே ரெண்டு மூணு செகண்ட் போயிடும். யானை கிட்ட போய்ச் சேரும்போது வண்டி இன்னும் எண்பது கிலோமீட்டர் வேகத்துலதான் இருக்கும். அதாவது எல்லாத்தையும் சரியா செஞ்ச டிரைவரும் இடிப்பான். இதை வெளில சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க, சாக்கு சொல்றான்னுதான் நினைப்பாங்க.

ஆனா அதே கணக்கை நாப்பத்தஞ்சு கிலோமீட்டர் வேகத்துக்குப் போட்டுப் பாருங்க. வண்டி ஏறத்தாழ இருநூறு மீட்டர்ல நின்னுடும். முந்நூறு மீட்டர்ல பார்த்தா யானைக்கு முன்னாடி நிறுத்திட்டு மூச்சு விடலாம், வளைவுல லேட்டா பார்த்தா கூட அடி லேசாத்தான் படும். நீங்க ஊர்ந்து போச்சுன்னு சொன்ன வேகம் இதுதான், அந்தக் காட்டுப் பகுதில ராத்திரி நேரத்துக்குன்னு போட்ட ஸ்பீட் ரெஸ்ட்ரிக்ஷன். யாரோ மனசுக்குத் தோணின நம்பர் இல்ல, ஹெட்லைட் எட்டுற தூரமும் பிரேக் பிடிக்கிற தூரமும் ஒத்துப்போற இடம் அது. என் அபிப்பிராயத்துல இந்தப் பிரச்சனைல சந்தேகமே இல்லாம வேலை செய்யற ஒரே விஷயம் இந்த வேகக் குறைப்புதான். அதுக்கு விலையும் இருக்கு. பத்து கிலோமீட்டர் தூரத்தை நூறுல போனா ஆறு நிமிஷம், நாப்பத்தஞ்சுல போனா பதிமூணு நிமிஷம், அதுக்கு மேல வேகம் குறைக்கிறதுக்கும் திரும்ப எடுக்கிறதுக்கும் தனி நேரம், கடைசி பெட்டி வேகக் கட்டுப்பாடு முடியற போர்டைத் தாண்டுற வரைக்கும் வேகம் ஏத்தக் கூடாது, பின்னாடி வர்ற வண்டி எல்லாம் வரிசையா காத்துக் கிடக்கும். கேரளாவுக்கு உள்ள போற முக்கியமான பாதையே இதுதாங்க, ஒரு ராத்திரில எத்தனை வண்டின்னு யோசிச்சுப் பாருங்க. ரயில்வே கன்ட்ரோல்ல உக்காந்திருக்கிறவருக்கு பங்க்சுவாலிட்டி தலைவலி, அதனால இந்த ரெஸ்ட்ரிக்ஷனைத் தளர்த்த முடியுமான்னு எப்பவும் ஒரு பேச்சு ஓடிக்கிட்டே இருக்கும்.

ஹார்ன் பத்திக் கேட்டீங்க. அடிப்போம், அடிக்காம இருக்க மாட்டோம், அந்தப் பகுதிக்குள்ள நுழையும்போதே விட்டு விட்டு அடிச்சுக்கிட்டேதான் போவோம். தூரத்துல இருக்கிற யானை அதைக் கேட்டு ஒதுங்கலாம், ஒதுங்கி நான் பார்த்திருக்கேன். ஆனா ஏற்கனவே லைன் மேல இருக்கிற கூட்டத்துக்குக் கிட்ட வந்து அடிச்சா என்ன ஆகும்கிறதுதான் பிரச்சனை. தனியா வர்ற ஆண் யானை சில சமயம் திரும்பி நின்னு வண்டியைப் பார்க்கும், எவன்டா நீங்கிற மாதிரி. குட்டியோட இருக்கிற கூட்டம் ஓடாது, குட்டியை நடுவுல விட்டு பெரியதுங்க எல்லாம் சுத்தி நெருக்கி நின்னுக்கும். புலி வந்தா அது சரியான புத்தி. தண்டவாளத்து மேல அதுதான் ஒரேயடியா மூணு நாலு சாகுறதுக்குக் காரணம். எட்டிமடை தாண்டி ஒரு தடவை இப்படி ஒரு கூட்டம் ஒதுங்காம நின்னுச்சு, வேகம் கம்மியா இருந்ததால நிறுத்திட்டோம், அசிஸ்டென்ட் பையன் ஹார்ன் பட்டன்ல கை வெச்சான், விடுடா லைட்டைக் கொஞ்சம் டிம் பண்ணுன்னு சொன்னேன், அதுபாட்டுக்கு குட்டியைத் தள்ளிக்கிட்டு இறங்கிப் போச்சு. லைட்டைக் குறைச்சதாலதான் போச்சான்னு கேட்டா நான் சத்தியம் பண்ண மாட்டேன். ஹார்ன் யானையை விரட்டுமா மிரட்டுமாங்கிறதுல எங்களுக்குள்ளயே ரெண்டு கட்சி உண்டு.

யானை எதுக்கு லைனுக்கு வருதுன்னு கேட்டா, அது லைனுக்கு வரல, லைன்தான் அதோட வழில கிடக்கு. மேற்குத் தொடர்ச்சி மலை அறுந்து விடற இடம் பாலக்காட்டுக் கணவாய். அந்த இடைவெளி வழியாத்தான் ரயிலும் போகுது, ஹைவேயும் போகுது, கரண்ட் லைனும் போகுது. வடக்குப் பக்கம் போளுவாம்பட்டி மலை, வாளையார் காடு, அந்தப் பக்கம் மலம்புழா. தெக்குப் பக்கம் தண்ணி இருக்கு, நவக்கரை சுத்துல வாழை தென்னை சோளம்னு தோட்டம் இருக்கு. சாயங்காலம் இறங்கி விடியறதுக்குள்ள திரும்பறது யானைக்கு வழக்கம், அதனாலதான் அடிபடறது பெரும்பாலும் ராத்திரிலயே நடக்குது. இங்க ஏ லைன், பி லைன்னு ரெண்டு பாதை ஒண்ணா போகாம தனித்தனியா பிரிஞ்சு போகும், அதனால ஒரு தடவை இறங்கி ஏறுற யானை ரெண்டு பாதையையும் தாண்ட வேண்டியிருக்கும். பி லைன் காட்டை ஒட்டி உள்ள போகும். சில இடத்துல மண்ணை வெட்டி பாதை போட்டிருக்காங்க, சில இடத்துல மண்ணைக் கொட்டி மேடாக்கி போட்டிருக்காங்க. வெட்டின பள்ளத்துக்குள்ள யானை இருக்கும்போது வண்டி வந்தா பக்கவாட்டுல ஏற முடியாது, குட்டியால சுத்தமா முடியாது, அதனால லைன் மேலயே வண்டிக்கு முன்னாடி ஓடும். ஓடினா வண்டி ஜெயிக்கும். அந்த மாதிரி இடத்துல கரையைச் சரிவா வெட்டி விடறது பேப்பர்ல வராத வேலை, போட்டோ எடுக்க ஒண்ணும் இருக்காது, ஆனா ஜேசிபி வெச்சு சில நாள்ல முடிக்கிற அந்த வேலை எவ்ளோ யானையைக் காப்பாத்தும்னு ஓட்டினவங்களுக்குத் தெரியும்.

யானைக்கு நிலத்துல வர்ற அதிர்வு காலால தெரியும்னு சொல்றாங்களே, அப்புறம் ஏன் விலகலைன்னு சிலர் கேப்பாங்க. அதிர்வு தெரியும்கிறது உண்மை. ஆனா நாள் முழுக்க வண்டி ஓடுற பாதை பக்கத்துல வாழற யானைக்கு அந்த அதிர்வு புதுசு இல்ல, பழகிப் போன சத்தம். அது எவ்ளோ வேகமா கிட்ட வருதுன்னு கணக்குப் போட காட்டுல அதுக்கு அனுபவமே கிடையாது, நூறு கிலோமீட்டர் வேகத்துல அதை நோக்கி வர்ற பொருள் இயற்கைல எதுவும் இல்ல. போதாக்குறைக்கு இப்ப எல்லாம் எலக்ட்ரிக் இன்ஜின், பழைய டீசல் மாதிரி ரெண்டு மைலுக்கு முன்னாடியே உறுமாது, பவரை ஆஃப் பண்ணி வண்டி தானா உருண்டு வரும்போது சத்தம் இன்னும் கம்மி.

வேலி விஷயத்துக்கு வர்றேன், எல்லாரும் சொல்ற யோசனை இதுதான். ரெண்டு பக்கமும் முழுசா அடைச்சா யானை தண்ணிக்கும் மேய்ச்சலுக்கும் போற வழி அறுந்து போகும், அது ஒரு பக்கம். அடைச்ச வேலில எங்கயாவது ஓட்டை இல்லாம இருக்காது, லெவல் கிராசிங் இருக்கும், பாலம் இருக்கும், ஆள் நடக்கிற வழி இருக்கும். அதுல ஒரு யானை உள்ள வந்துடுச்சுன்னா வெளில போக வழி தெரியாம ரெண்டு வேலிக்கு நடுவுல வண்டியோட மாட்டிக்கும், வேலி இல்லாததை விட அது மோசம். சோலார் கம்பின்னா தந்தத்துல கரண்ட் பாயாதுன்னு அதுக்குத் தெரியும், மரத்தைச் சாய்ச்சு கம்பி மேல போட்டுட்டு நடந்து போறதும் தெரியும். பழைய தண்டவாளத்தை நட்டு வேலி போடறது கர்நாடகாவுல பண்ணாங்க, 2018 கடைசில நாகரஹொளே கிட்ட ஒரு ஆண் யானை அது மேல ஏறித் தாண்டப் பார்த்து மாட்டிச் செத்துச்சு. வேலிக்கு ஒரே ஒரு நல்ல உபயோகம் இருக்கு, யானையை அண்டர்பாஸ் பக்கம் திருப்பி விடறது. எட்டிமடைக்கும் வாளையாருக்கும் நடுவுல ரயில்வே பி லைன்ல ரெண்டு அண்டர்பாஸ் கட்டியிருக்கு. ஹைகோர்ட்ல கேஸ் நடந்து, 2022ல ஜட்ஜுங்களே நேர்ல வந்து லைனைப் பார்த்துட்டுப் போன பிறகு வேகம் பிடிச்ச வேலை அது. இப்ப யானைங்க அதுக்குள்ள போய்ப் பழகிக்கிட்டிருக்கு. உயரமும் அகலமும் இருந்து, அந்தப் பக்கம் வெளிச்சம் தெரிஞ்சு, உள்ள ஆள் நடமாட்டம் இல்லாம இருந்தா யானை போகும். ஆனா எல்லா யானையும் அந்த ரெண்டு ஓட்டை வழியாத்தான் போகணும்னு யாரும் அதுங்களுக்கு ஆர்டர் போட முடியாது.

இனி கேமரா. 2021 நவம்பர் 26 ராத்திரி நவக்கரை கிட்ட மங்களூர்ல இருந்து சென்னைக்கு வந்த வண்டில அடிபட்டு மூணு பெண் யானை ஒரேயடியா செத்துச்சு, நீங்க செய்தில பார்த்திருப்பீங்க. அதுக்கு முன்னாடி 2008ல அதே மதுக்கரை ஏரியாவுல மூணு. 2008ல இருந்து கணக்கு எடுத்தா இந்த மதுக்கரை வனச்சரகத்துல மட்டும் பதினொரு யானை. அதுக்கப்புறம்தான் தமிழ்நாடு வனத்துறை 7.24 கோடி செலவுல பன்னெண்டு டவர் வெச்சு, ராத்திரில சூட்டை வெச்சுக் கண்டுபிடிக்கிற தெர்மல் கேமராவும் சாதா கேமராவும் மாட்டி, ஏஐ சாஃப்ட்வேர் போட்டு, மதுக்கரைல கன்ட்ரோல் ரூம் வெச்சு 2024 பிப்ரவரில ஆரம்பிச்சாங்க. ஏழு கிலோமீட்டர் பாதை அதோட பார்வைல இருக்கு. கன்ட்ரோல் ரூம்ல உக்காந்து பார்க்கிற பசங்க அந்தச் சுத்து மலைவாழ் மக்கள் ஊர்ப் பசங்க, காடு தெரிஞ்சவங்க, இது ரொம்ப நல்ல முடிவு. யானை லைனுக்கு நூத்தம்பது அடி, நூறு அடி, அம்பது அடின்னு நெருங்க நெருங்க ஆரஞ்சு, மஞ்சள், சிவப்புன்னு அலர்ட் மாறும்.

இங்கதான் ஒரு டிரைவரோட கணக்கு உங்களுக்கு வேணும். நூத்தம்பது அடின்னா நாப்பத்தஞ்சு மீட்டர். யானை சாதாரணமா நடந்தாலே அரை நிமிஷத்துல அந்தத் தூரத்தைத் தாண்டிடும். அந்த அரை நிமிஷத்துல நூறுல வர்ற வண்டி எண்ணூறு மீட்டருக்கு மேல வந்துடும், நாப்பத்தஞ்சுல வர்ற வண்டி நானூறு மீட்டர் வரும். இப்ப அலர்ட் டிரைவர் காதுக்கு எப்படி வருதுன்னு பாருங்க. டிரைவர் வண்டி ஓட்டும்போது செல்போன் தொடக்கூடாது, தொட்டா சஸ்பென்ஷன், அது நியாயமான ரூல்தான். அதனால கன்ட்ரோல் ரூம்ல இருந்து ஸ்டேஷன் மாஸ்டருக்குப் போகணும், மாஸ்டர் வாக்கி டாக்கில டிரைவரைப் பிடிக்கணும். அந்த நேரம் மாஸ்டர் வேற வண்டிக்கு லைன் குடுத்துக்கிட்டிருப்பார், டிரைவர் சிக்னல் பார்த்து அசிஸ்டென்டோட சத்தமா சொல்லிக்கிட்டிருப்பார், நிமிஷத்துக்கு ஒரு தடவை தூங்கலைன்னு காட்டுற விஜிலன்ஸ் பட்டன் அமுக்கணும், வாக்கி டாக்கில நாலு பேர் பேசற இரைச்சல் வேற. எல்லாம் சரியா நடந்தாலும் சேதி வந்து சேர அரை நிமிஷத்துக்கு மேல ஆகும். நூறுல வர்ற வண்டிக்கு அது பிரயோஜனம் இல்லாத சேதி. நாப்பத்தஞ்சுல வர்ற வண்டிக்கு உயிர் காக்கிற சேதி. அதனாலதான் யாராவது கேமரா வந்துடுச்சு இனிமே ஸ்பீடை ஏத்திடலாம்னு சொன்னா எனக்குக் கோபம் வரும். கேமராவும் வேகக் குறைப்பும் சேர்ந்தாத்தான் மருந்து, ஒண்ணு வந்ததுக்காக இன்னொண்ணை எடுத்தா ரெண்டும் போச்சு.

அப்போ கேமரா வீணான்னா இல்லவே இல்ல. நிஜத்துல யானை நேரா நடந்து வந்து லைன்ல ஏறாது, காட்டு ஓரத்துல நின்னு மேயும், மணிக்கணக்கா தயங்கும், மண்ணை மோந்து பார்க்கும். அந்த நேரத்துலயே கேமரா காட்டிக் குடுத்துடும், வனத்துறை வாட்சருங்க போய் விரட்டலாம், அல்லது கடக்கிற வரைக்கும் காவல் நிக்கலாம், அடுத்த ஸ்டேஷன்ல நிக்கிற வண்டியை அங்கேயே பிடிச்சு வைக்கலாம், டிரைவருக்கு முன்கூட்டியே இந்த இந்த கிலோமீட்டர்ல யானை இருக்குன்னு சொல்லி அனுப்பலாம். இடம் தெரிஞ்சு உள்ள போறதுக்கும் தெரியாம போறதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். முன்னாடி வாட்சருங்க டார்ச் லைட்டோட ராத்திரி பூரா லைன் ஓரமா நடந்து இதே வேலையைத்தான் பண்ணாங்க, அவங்க இருக்கிற இடத்துல யானை இருக்காது, யானை இருக்கிற இடத்துல அவங்க இருக்க மாட்டாங்க. இப்ப கேமரா இடத்தைச் சொல்லுது, அவங்க நேரா அங்க போறாங்க. விரட்டுற வேலைக்கு இன்னும் மனுஷன்தான் வேணும்.

கேமரா ஓட ஆரம்பிச்ச முதல் வருஷத்துல அந்த ஏழு கிலோமீட்டர்ல யானை சாவே இல்லைன்னு வனத்துறை சொல்லுச்சு, ஆயிரக்கணக்குல அலர்ட் வந்துச்சு, யானைங்க பத்திரமா கடந்திருக்கு. சந்தோஷமான விஷயம், சந்தேகம் இல்ல. ஆனா இது முழுக்க ஏஐயோட வெற்றின்னு எழுதறதை மட்டும் கொஞ்சம் தள்ளி வெச்சுப் பாருங்க. அதே காலத்துல அண்டர்பாஸ் வந்துச்சு, வேகக் கட்டுப்பாடு கண்டிப்பாச்சு, கோர்ட் பார்த்துக்கிட்டிருக்குன்னு ரெண்டு டிபார்ட்மென்டும் பேசிக்க ஆரம்பிச்சாங்க. இதுல எது எவ்ளோ காப்பாத்துச்சுன்னு பிரிச்சுச் சொல்ல வழி இல்ல. இன்னொண்ணு, கேமராவோட எல்லை முடியற இடத்துல யானையோட எல்லை முடியறது இல்ல. 2024லயே மே மாசம் அந்தப் பக்கம் கேரளாவுல கொட்டேக்காடு கிட்ட ஒரு பெண் யானை மெயில் வண்டில அடிபட்டுச் செத்துச்சு. அதே மலை, அதே யானைக் கூட்டங்க, அதே டிரைவருங்க, ஸ்டேட்தான் வேற, டவர்தான் இல்ல.

இதை விட சத்தம் இல்லாம நடந்த ஒரு கதை வடக்க இருக்கு. ராஜாஜி நேஷனல் பார்க் நடுவுல ஹரித்வார் டேராடூன் லைன் போகுது. தொண்ணூறுகள்ல அங்க யானை அடிபட்டுக்கிட்டே இருந்துச்சு. 2002ல வனத்துறை, ரயில்வே, வைல்ட்லைஃப் டிரஸ்ட் ஆஃப் இந்தியா மூணு பேரும் சேர்ந்து ஒரு வேலை ஆரம்பிச்சாங்க. பெரிய மெஷின் ஒண்ணும் இல்ல. ராத்திரி ரோந்து, டிரைவருங்களுக்கு எந்த இடம் ஆபத்துன்னு கிளாஸ், வளைவுல பார்வையை மறைக்கிற புதரை வெட்டறது, மேட்டைச் சரிச்சு விடறது, லைன் ஓரத்துல கிடக்கிற சாப்பாட்டுக் குப்பையை அள்ளறது. ஏறத்தாழ பத்து வருஷம் ஒரு யானை கூட சாகல. அப்புறம் திரும்ப அங்கொண்ணு இங்கொண்ணு ஆரம்பிச்சுது, ஏன்னா இந்த மாதிரி வேலையை தினம் பண்ணினாத்தான் உண்டு. குப்பை விஷயம் உங்களையும் என்னையும் சேர்ந்தது, ஜன்னல் வழியா வீசற சாப்பாட்டுப் பொட்டலத்துல உப்பும் இனிப்பும் இருக்கு, ஒரு தடவை ருசி கண்ட யானை அதே இடத்துக்குத் திரும்ப வரும்.

அஸ்ஸாம், வடக்கு வங்காளத்துப் பக்கம்தான் நாட்டுலயே ரொம்ப மோசம். 2009-10ல இருந்து 2020-21 வரைக்கும் நாடு பூரா 186 யானை ரயில்ல அடிபட்டுச் செத்துச்சுன்னு மத்திய அரசே கணக்கு குடுத்துச்சு, அதுல அஸ்ஸாம் 62, மேற்கு வங்காளம் 57. சிலிகுரி அலிப்பூர்துவார் லைன் மீட்டர் கேஜா இருந்து அகலப் பாதை ஆனதும் வண்டியும் கூடிச்சு வேகமும் கூடிச்சு, 2013 நவம்பர்ல சப்ரமாரி காட்டுல ஒரே வண்டில அடிபட்டு பல யானை போச்சு. அங்க ரயில்வே ரெண்டு புது விஷயம் பண்ணியிருக்கு. ஒண்ணு லெவல் கிராசிங்ல தேனீ சத்தத்தை ஸ்பீக்கர்ல ஓட விடறது, யானைக்குத் தேனீன்னா பயம்கிறது உண்மை. ஆனா கொட்டாத தேனீன்னு யானை எத்தனை நாள்ல கண்டுபிடிக்கும்கிறதுதான் எனக்கு சந்தேகம், கேட்டுக் கேட்டுப் பழகினா பயம் போயிடும்னு நினைக்கிறேன். இன்னொண்ணு லைன் ஓரமா ஏற்கனவே புதைச்சிருக்கிற ஃபைபர் கேபிளையே காதாக்கறது. யானை நடந்தா நிலம் அதிரும், கேபிளுக்குள்ள போற வெளிச்சம் அந்த இடத்துல லேசா மாறும், மெஷின் அதை வெச்சு எந்த இடத்துல நடக்குதுன்னு சொல்லிடும். இதுக்கு கஜராஜ்னு பேர் வெச்சு 2023 நவம்பர்ல 700 கிலோமீட்டருக்கு 181 கோடின்னு ரயில்வே மினிஸ்டர் அறிவிச்சார், கேரளா தமிழ்நாடும் அந்த லிஸ்ட்ல இருக்கு. எனக்கு இது மேல கேமராவை விட நம்பிக்கை, ஏன்னா மழை, மூடுபனி, புதர் எதுவும் இதை மறைக்காது, அலர்ட் நேரா ரயில்வே கைக்கே வரும், இன்னொரு டிபார்ட்மென்ட் வழியா சுத்தி வராது.

ஆனா எந்த மெஷினா இருந்தாலும் வெச்ச இடத்துலதான் வேலை செய்யும். 2025 டிசம்பர் 20 விடியறதுக்கு முன்னாடி அஸ்ஸாம் ஹோஜாய் பக்கம் சாய்ராங்ல இருந்து டெல்லி போற ராஜ்தானி ஒரு பெரிய கூட்டத்துல மோதி ஏழு யானைக்குக் குறையாம செத்துச்சு, இன்ஜினும் அஞ்சு பெட்டியும் தடம் புரண்டுச்சு. டிரைவர் பார்த்து எமர்ஜென்சி போட்டிருக்கார், நான் மேல சொன்ன கணக்குதான் நடந்துச்சு. ரயில்வே சொன்ன பதில், அது அறிவிக்கப்பட்ட யானை வழித்தடம் இல்லைங்கிறது. அந்தப் பதில்ல பொய் இல்ல, ஆனா காடு சுருங்கச் சுருங்க யானை வழியை மாத்திக்கும், நம்ம மேப் பத்து வருஷத்துக்கு ஒரு தடவைதான் மாறும். அதே வருஷம் பிப்ரவரில இலங்கைல கல்ஓயா கிட்ட மட்டக்களப்பு லைன் வண்டி ஒண்ணு மோதி ஆறு யானை செத்துச்சு, அங்கயும் வண்டி தடம் புரண்டுச்சு, நல்ல வேளையா ஆளுங்களுக்கு ஒண்ணும் ஆகல. யானையைப் பத்திக் கவலைப்படாதவங்க கூட இந்தத் தடம் புரளற விஷயத்தை யோசிக்கலாம், மூணு நாலு டன் உடம்பு சக்கரத்துக்கு அடில போனா பெட்டில தூங்கறவங்களுக்கும் ஆபத்துதான்.

கடைசியா, டிரைவர் மேல கேஸ் போடறது சரியான்னு கீழ ஒரு வரி சேர்த்திருந்தீங்க. 2021ல நவக்கரைல லோகோ பைலட் மேலயும் அசிஸ்டென்ட் மேலயும் வனத்துறை கேஸ் போட்டுச்சு, இன்ஜின்ல இருந்து ஸ்பீடு பதிவாகிற சிப்பை எடுக்கப் போன தமிழ்நாட்டு வனத்துறை ஆளுங்களை பாலக்காட்டுல ரயில்வே போலீஸ் பிடிச்சு உக்கார வெச்சு அது ஒரு பெரிய தகராறே ஆச்சு. என் கூட ஓட்டினவங்க பல பேருக்கு நான் சொல்றது பிடிக்காது, ஆனாலும் சொல்றேன், அந்தச் சிப்பைப் பார்க்கிறதுல தப்பே இல்ல. ஒவ்வொரு யானை சாவுக்கும் அதைப் பார்க்கணும், மறைக்காம வெளில வைக்கணும். நாப்பத்தஞ்சு போர்டு இருக்கிற இடத்துல அறுபது எழுபதுல வந்திருந்தா கேஸ் போடுங்க, தண்டனை வாங்கிக் குடுங்க. நாப்பத்தஞ்சுலயோ அதுக்குக் கீழயோ வந்திருந்தா டிரைவரை விட்டுட்டு அன்னைக்கு ராத்திரி அலர்ட் எத்தனை மணிக்குக் கிளம்புச்சு, யார் கைல எவ்ளோ நேரம் நின்னுச்சு, ஸ்டேஷன்ல இருந்து டிரைவருக்குச் சொன்னாங்களா இல்லையான்னு ரெஜிஸ்டரை எடுத்துப் பாருங்க. போர்டே இல்லாத இடத்துல நூறுல வந்து இடிச்சிருந்தா, அங்க போர்டு ஏன் இல்லைன்னு வேகத்தை முடிவு பண்ற ஆபீஸ்ல கேளுங்க. இந்த மூணையும் பிரிக்காம யானை செத்தா டிரைவர் மேல எஃப்ஐஆர்னு போட்டா, அடுத்த தடவை லைன் ஓரத்துல யானையைப் பார்த்த டிரைவர் கூட ஸ்டேஷனுக்குச் சொல்லத் தயங்குவான், நமக்கெதுக்கு வம்புன்னு போயிடுவான். பார்த்ததை உடனே சொல்றது எங்க ஆளுங்கதான் முதல்ல, டவர் வர்றதுக்கு முன்னாடி எல்லாம், பின்னாடி வர்ற வண்டிக்கு அப்படித்தான் சேதி போய்க்கிட்டிருந்துச்சு.